படத்தில் பறவை ஏன் பொம்மை போல் நிற்கிறது?

கேள்வி இது: "இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களைப் பார்த்து வாட்டர்கலரில் பறவைகள் வரைகிறேன். ஓர் இறகு விடாமல் போடுகிறேன். ஆனாலும் பஞ்சு அடைத்து வைத்த பறவை மாதிரியே இருக்கிறது. நேரில் பார்த்து வரையலாம் என்றால் அது ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. என்ன செய்வது? எந்தப் பிரஷ், எந்தப் பேப்பர் வாங்குவது?"

பிரஷ், பேப்பரைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

நீங்கள் காட்டிய சிறு மீன்கொத்திப் படத்தில் இறகு வேலை நன்றாகவே வந்திருக்கிறது. பொறுமை தெரிகிறது. ஆனால் அது கிளையில் உட்கார்ந்த மாதிரி இல்லை, கிளைக்கு முன்னால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. கால்கள் வயிற்றின் நடுவில் எங்கிருந்தோ முளைத்து வருகின்றன. விரல்கள் கிளையைச் சுற்றி வளையவில்லை. உடம்பின் கனம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பவருக்குப் புரியவில்லை. அதோடு தலை முதல் வால் வரை எல்லா இறகும் ஒரே கூர்மையில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் பஞ்சடைத்த பறவைதான் வரும்.

நானும் இதில் பல வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தவன்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒருநாள் கொக்கு வரைந்துகொண்டிருந்தேன். வரைந்தது என்ன, வீட்டில் புகைப்படம் பார்த்து முக்கால்வாசி முடித்ததை அங்கே கொண்டுபோய் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பின்னால் வந்து நின்றார். "என்ன தம்பி, கொக்கா?" என்றார். "ஆமாங்கய்யா." கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தவர், "கொக்கு சரிதான். கால ஊனவே இல்லையே. காத்தடிச்சா விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. தினமும் கொக்கைப் பார்ப்பவருக்கு இறகு எண்ணிக்கை கண்ணில் படவில்லை, கால் ஊன்றாததுதான் முதலில் பட்டது.

அதனால் முதலில் ஒரு கோழியைப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோழியின் காலில் பின்பக்கமாக மடங்கும் மூட்டை எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறோம். அது கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றோர இறகுக்குள் மறைந்து, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து இருக்கிறது. கறிக்கடையில் முழு லெக் பீஸ் வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. மேலே தொடை, கீழே காலெலும்பு, இரண்டும் சேரும் இடம்தான் முழங்கால். கடைக்காரர் வெட்டித் தள்ளும் செதில் மூடிய அந்த மஞ்சள் பகுதி முழுக்கப் பாதம். அதாவது பறவை பாதத்தைத் தரையில் பதிக்காமல் விரலை மட்டும் ஊன்றி நிற்கிறது. தொடை கிட்டத்தட்டக் கிடைமட்டமாக முன்னே நீண்டிருப்பதால்தான் விரல்கள் உடம்பின் நடுக்கனத்துக்கு நேர் கீழே வந்து விழுகின்றன. காலை வாலுக்குப் பக்கத்தில் போட்டால் பறவை முன்பக்கம் கவிழும், கழுத்துக்குக் கீழே போட்டால் பின்னால் சாயும். ஒற்றைக்காலில் நிற்கும் பறவையை முன்னாலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஊன்றிய கால் நேராக இறங்காது, சற்று உள்பக்கம் சாய்ந்து உடம்பின் நடுக்கோட்டுக்கு வந்திருக்கும். நாம் ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பைச் சாய்ப்போமே, அதே சங்கதி.

வீட்டில் கோழி இருந்தால் இன்னொன்றும் செய்து பாருங்கள். இரண்டு கையிலும் அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை மெல்ல மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்துங்கள். உடம்பு ஆடும், தலை அந்தரத்தில் ஆணியடித்தது போல நிற்கும். பார்வை கலங்காமல் இருக்கப் பறவைகள் இப்படித் தலையை நிலையாக வைத்துக்கொள்கின்றன. இதைப் பார்த்த பிறகு நான் வரையும் வரிசையே மாறிவிட்டது. முதலில் தலையும் அலகும் எந்தத் திசை என்று ஒரு கோடு. அடுத்து விரல் ஊன்றிய இடத்தில் ஒரு புள்ளி. அப்புறம்தான் இரண்டுக்கும் நடுவில் உடம்பு.

சரி, "ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை" என்கிறீர்கள். தேன்சிட்டையும் மீன்கொத்தியையும் துரத்தினால் அப்படித்தான் இருக்கும். நிற்கிற பறவையிலிருந்து தொடங்குங்கள். என் சிபாரிசு மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். ஏரி, குட்டை, வயல், சாக்கடை எங்கும் இருக்கும். காக்கை அளவுதான். பத்தடி தூரத்தில் இருந்தால்கூட நம்மைக் கண்டுகொள்ளாமல் நிற்பதால்தான் அந்தக் குருட்டுப் பட்டம் வந்திருக்க வேண்டும். உண்மையில் அதன் கண் ரொம்பக் கெட்டி. மஞ்சள் வளையம் போட்ட அந்தக் கண் அலகுக்குக் கீழே இருக்கும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

காலை ஆறரைக்குப் போய் உட்காருங்கள். எட்டரைக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் பறவையின் முதுகு வெளுத்து, வயிறு இருண்டு, உருவம் தட்டையாகிவிடும். ஒரு பெரிய பக்கத்தில் ஒரே படம் போட முயலாதீர்கள். மடையான் கழுத்தை உள்ளிழுத்துக் குன்றி நிற்கும்போது ஒரு கிறுக்கல் தொடங்குங்கள். அது நகர்ந்துவிட்டதா, அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய நிலையைத் தொடங்குங்கள். பறவைகளுக்கு நிலைகள் குறைவு. பத்து நிமிடத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது பாதியில் விட்டதைத் தொடரலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்தில் ஏழெட்டு அரைகுறைப் படங்கள் கிடைக்கும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பத்து விநாடி பார்த்து, கண்ணை மூடி, மூடிய கண்ணுக்குள் என்ன மிச்சமிருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். முதல் வாரம் உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்தது போல்தான் வரும். ஓரத்தில் வார்த்தையிலும் எழுதிவையுங்கள்: "வெயில் இடப்பக்கம்", "தொண்டை துடிக்கிறது", "வலது கால் பாதி தூக்கல்". தேதியை மறக்கவே கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

மடையானை ஒரு மணி நேரம் விடாமல் பார்த்தால் என்ன தெரியும்? முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காது. தோளுக்குள் கழுத்தைப் புதைத்து, பழைய சாக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். பிறகு தலை மட்டும் ஒரு விரலளவு முன்னால் வரும். ஒரு கால் தண்ணீரிலிருந்து எழும்போது விரல்கள் கொத்தாகக் குவியும், மீண்டும் இறங்கும்போது ஒவ்வொன்றாக விரியும். தண்ணீரில் வட்டம் எழாது. உடம்பு மெல்லச் சாய்ந்து, முதுகுக்கோடும் அலகும் ஏறக்குறைய ஒரே சாய்வில் வந்து நிற்கும். இந்த நிலையில்தான் அந்தப் பறவையின் இறுக்கம் முழுக்க இருக்கிறது. இதைப் பிடித்தால் இறகே போடாவிட்டாலும் படம் நிற்கும். அப்புறம் ஒரு வெட்டு. கண்ணால் பார்க்க முடியாத வேகம். கொக்கு இனத்தின் கழுத்தெலும்பில் ஆறாவது கண்டம் மற்றவற்றைப் போல இல்லாமல் அமைந்திருப்பதால்தான் அந்தக் கழுத்து வளையாமல் மடிகிறது, மடிந்து விசையோடு நிமிர்கிறது. பலர் கொக்கின் கழுத்தைப் பாம்பு போல வழவழப்பான வளைவாகப் போடுகிறார்கள். கூர்ந்து பாருங்கள், நடுவில் ஒரு முடக்கு இருக்கும். அந்த முடக்கை வைத்ததும் கழுத்துக்குள் எலும்பு வந்துவிடும்.

அதன் காலின் மங்கிய பச்சையையும் பாருங்கள். ஓடும் தண்ணீரில் ஆரல் மீனுக்குக் காத்து நிற்கும் குருகின் கால் தினைத்தாள் போல மெல்லிசாகப் பச்சையாக இருந்ததைச் சங்கப் புலவர் ஒருவர் கவனித்து எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே நிற்கும் சின்ன வெள்ளைக்கொக்குக்குக் கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். ஆகவே அவர் பார்த்தது நம்ம மடையானாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி.

மடையான் பறக்கும்போது நடப்பது இன்னொரு கூத்து. மண்ணும் சருகுமாகக் கோடு போட்டு உட்கார்ந்திருந்த பறவை எழுந்ததும் பளீரென்று வெள்ளையாகிவிடும். சிறகு முழுக்க வெள்ளை, மடித்து வைத்தால் முதுகின் பழுப்புக்குள் மறைந்துகொள்கிறது. இனப்பெருக்கக் காலம் வந்தால் அந்த முதுகும் பழுப்பாக இராது, நாவல்பழக் கறை மாதிரி ஆழ்ந்த அரக்குச் சிவப்பாக மாறும். தேதி போடச் சொன்னது இதற்குத்தான். அரக்கு முதுகும் பழுப்புக் கோட்டுக் கழுத்தும் ஒரே படத்தில் கலந்து போட்ட ஒரு படம் என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. இரண்டு வேறு பருவத்துப் புகைப்படங்களை நம்பியதன் பலன்.

இப்போது இறகுக்கு வருவோம். பறவையின் உடம்பில் இறகு மீன் செதில் போல ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. கொத்துக் கொத்தாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கீற்று வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். தலையில் பொடிப்பொடியாக, கழுத்தில் கொஞ்சம் பெரிதாக, முதுகிலும் தோளிலும் இன்னும் பெரிதாக, சிறகு நுனிக்கும் வாலுக்கும் போகப்போக நீண்டு. மடித்த சிறகில் தோளிறகுகள் மேலே சால்வை போல விழும். அதற்குக் கீழே வரிசை வரிசையாக மூடிறகுகள், அவற்றுக்குக் கீழே பறப்பிறகுகள். நீண்ட வெளிப் பறப்பிறகுகளின் நுனி மட்டும்தான் கடைசியில் எட்டிப்பார்க்கும். இந்தக் கொத்துகளின் எல்லையை மெல்லிய நிழலால் பிரித்துவிட்டு, கண்ணுக்குப் பக்கத்திலும் தோளில் வெயில் விழும் இடத்திலும் மட்டும் பத்துப் பன்னிரண்டு இறகைத் தெளிவாகப் போடுங்கள். மீதியை ஈரத்தில் கரையவிடுங்கள். நம் கண் அப்படித்தான் பார்க்கிறது, ஒரு நேரத்தில் ஓர் இடம்தான் துல்லியம். அதோடு இறகு பறவையின் மனநிலையையும் சொல்லும். மார்கழிக் காலையில் உருண்டைப் பந்தாக உப்பியிருக்கும் மைனா, பருந்து நிழல் தெரிந்ததும் இறகை ஒட்ட இறுக்கிக் குச்சி மாதிரி ஆகிவிடும். அதே பறவைதான். அளவுகோல் வைத்து "மைனா இவ்வளவு பருமன்" என்று எழுதிவைத்துக்கொண்டால் இது தப்பிவிடும்.

கண்ணைப் பற்றி ஒன்று மட்டும். வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டால் உயிர் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் புள்ளி வானத்தின் பிரதிபலிப்பு. ஒளி இடப்பக்கம் என்றால் அது இடப்பக்க மேலேதான் வர வேண்டும், மேகமூட்டத்தில் புள்ளியாக இல்லாமல் மங்கிய திட்டாக இருக்கும். மேல் இமையின் நிழல் விழியில் விழுவதையும் போடுங்கள். தவிட்டுக்குருவிக்கு விழி வெளிறிப்போய் இருப்பதால் எப்போதும் யாரிடமோ சண்டைக்கு நிற்பது போல் முறைக்கும். அதைக் கறுப்புக் கண்ணாகப் போட்டால் வேறு குருவியாகிவிடும்.

நிறத்தில் நீங்கள் மாட்டியிருப்பது மீன்கொத்தியின் நீலத்தில். அந்த நீலத்துக்கு இறகில் சாயமே கிடையாது. இறகின் உள்ளே இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறவைப்பதால் வரும் நீலம் அது. பனங்காடையின் நீலமும் அப்படித்தான். மயில் கழுத்தின் மினுமினுப்பும் அமைப்பால் வருவதுதான், பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறமே மாறும். ஆகவே டியூபிலிருந்து ஒரே நீலத்தை எடுத்து முதுகு முழுக்கப் பூசினால் பெயின்ட் அடித்த மாதிரிதான் இருக்கும். செருலியன் என்ற வானநீலத்தை வெளிறலாக முதலில் போட்டு, காய்வதற்குள் ஓரங்களில் தாலோ நீலத்தை விட்டு, நிழல் பக்கம் அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்துக்குத் தள்ளுங்கள். முதுகின் நடுக்கோட்டில் மட்டும் பேப்பரின் வெள்ளை தெரிகிற அளவுக்கு மெலிதாக விடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு வயிறு மீதி வேலையைச் செய்துவிடும். காக்கைக்கும் கரிச்சானுக்கும் கறுப்பு டியூபைத் தொட வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் வரும் கறுப்பில் உயிர் இருக்கிறது, ஒரு பக்கம் நீலத்துக்கும் ஒரு பக்கம் பழுப்புக்கும் அதை இழுக்கலாம். வெள்ளைக்கொக்கு எதிர்மாதிரி. பறவைக்கு வண்ணமே போடாமல் சுற்றியுள்ள வயலை இருட்டாக்க வேண்டும். நெற்பயிருக்கு மேல் நிற்கும் கொக்கின் வயிற்றில் பச்சை ஏறியிருக்கும், பாருங்கள்.

புகைப்படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. விரலில் எத்தனை கணு, அலகும் முகமும் சேரும் இடம் எப்படி என்று சரிபார்க்க அதைவிட வசதி கிடையாது. ஆனால் நிலையை அதிலிருந்து எடுக்காதீர்கள். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் உறைந்த சிறகு உண்மைதான், மனிதக் கண் அதைப் பார்த்ததே இல்லை என்பதால் படத்தில் பொய்யாகத் தெரியும். இங்கிலாந்தின் பறவை ஓவியர் சார்லஸ் டன்னிக்ளிஃப் இரண்டு கணக்கு வைத்திருந்தார். வெளியில் போய்ப் போட்ட விரைவுக் கிறுக்கல்கள் ஒன்று, இறந்துகிடந்த பறவைகளை அளந்து உண்மை அளவில் போட்ட படங்கள் இன்னொன்று. ஓவியம் இரண்டும் சேர்ந்து பிறந்தது. நமக்கு இரண்டாவது கணக்குக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் பதம் செய்த பறவைகள் உதவும். சிறகின் கொத்துகள், கால் விகிதம், விரல் அமைப்பு ஆகியவற்றை நிதானமாக எழுதிக்கொள்ளலாம். அவற்றின் நிறத்தையும் கண்ணாடிக் கண்ணையும் மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஆடுபான் சுட்ட பறவைகளைக் கம்பியில் கட்டி நிறுத்தி வரைந்தவர். எல்லாம் உண்மை அளவில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால் அவருடைய பூநாரை தாளுக்குள் அடங்கக் கழுத்தைத் தரைவரை வளைத்து நிற்கிறது. அவருக்கு முன்பே, 1801 முதல் 1807 வரை, நம் சென்னையில் எலிசபெத் குவிலிம் என்ற நீதிபதியின் மனைவி நூற்றுக்கு மேற்பட்ட பறவைப் படங்களை வாட்டர்கலரில் வரைந்தார், பலவும் உண்மை அளவிலேயே. 1924இல் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இணையத்தில் பார்க்கலாம். நம் ஊர்ப் பறவைகள் என்பதால் உங்கள் நோட்டோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்க அவை ரொம்ப உதவும்.

கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளை வரைய ஆசை என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல் போங்கள். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கரையிலிருந்தே தெரியும். 8×42 பைனாகுலர் போதும், முக்காலியில் வைத்த ஸ்கோப் இருந்தால் கை இரண்டும் சும்மா இருக்கும். மற்ற இடங்களில் கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காரும் வேலை வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவை ஒரு மணி நேரம் கூட்டுக்கு வராவிட்டால் முட்டை வெயிலில் வெந்துவிடும், காக்கை வேறு காத்திருக்கும். போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் அப்படியே.

பேப்பர், பிரஷ். நோட்டுக்கு ஏ5 அளவில் சாதாரணத் தாள், 2பி பென்சில். வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், நுனி கூரான 8ஆம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று, 4ஆம் எண் ஒன்று. இறகுக்காக வாங்கிய அந்தப் பொடிப் பிரஷ்களை ஆறு மாதம் யாரிடமாவது கொடுத்துவையுங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் பேப்பர் காயவே காயாது. ஈரத்தில் கரையவிடும் வேலைக்கு அது வசதி, அடுத்த பூச்சுக்கு மட்டும் ஹேர் டிரையர் வேண்டும்.

அந்த மீன்கொத்தியைத் தூக்கிப் போட வேண்டாம், புதுத் தாளில் மறுபடி போடுங்கள். சிறு மீன்கொத்திக்குக் கால் இருப்பதே தெரியாது, அவ்வளவு குட்டை. வயிற்று இறகு மேலே வழிந்து பாதி மறைத்துவிடும். முன்விரல்கள் கொஞ்ச தூரம் ஒட்டியே இருக்கும். ஆகவே கால் வேலை உங்களுக்கு மிச்சம், வயிறு கிளைமேல் அழுந்துவதை மட்டும் காட்டினால் போதும். கிளையையும் மாற்றுங்கள். உங்கள் படத்தில் இருப்பது மேப்பிள் இலை. புகைப்படம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரிகிறது. உங்கள் ஊர்ப் பக்கம் அது எங்கே உட்காருகிறது என்று போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பம்ப்செட் குழாயில்தான். துருப்பிடித்த வாய், பாசி, குழாயின் பக்கவாட்டில் வடிந்து காய்ந்த வெள்ளை எச்சம். எச்சத்தையும் போடுங்கள்.